தலையை மட்டும் எண்ணினால் போதுமா சார்?

போன பதிவில் பாகல்பூர் ஜர்தாலு மாம்பழத்தைப் பற்றி எழுதியிருந்தேன். நிறைய பேர் ரசித்தீர்கள், நன்றி. இந்தப் பதிவு அவ்வளவு இனிப்பாக இருக்காது. கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாகல்பூர், கஹல்காவ் பக்கம் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் ஏழெட்டு சேர்ந்து கங்கையில் படகு ஏறினோம். புளியோதரை, தயிர்சாதம், மோர்மிளகாய், வடகம் என்று வழக்கமான மூட்டை முடிச்சு. கஹல்காவில் ஆற்றுக்கு நடுவே மூன்று பாறைத் தீவுகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் படகு திரும்பும்போது 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம். சாம்பல் நிற முதுகு, நீண்ட மூக்கு, ஒரு வினாடிதான், போய்விட்டது. கங்கை டால்பின். இங்கே அதை சோன்ஸ் என்று சொல்வார்கள். கண் இருந்தும் பார்வை இல்லாத பிராணி. சத்தம் அனுப்பி, அது மோதித் திரும்புவதைக் கேட்டுத்தான் இரை தேடும், வழி கண்டுபிடிக்கும். 1991லிருந்து சுல்தான்கஞ்சில் ஆரம்பித்து கஹல்காவ் வரைக்கும் ஆறு முழுக்க இதற்கான சரணாலயம். 2009இல் நாட்டின் தேசிய நீர்வாழ் விலங்கு என்று பட்டமும் கொடுத்தாயிற்று.

கூட வந்திருந்த ஒரு நண்பர், பொறியாளர், நம்ம தஞ்சாவூர்க்காரர், கையைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "பாத்தீங்களா சார், 6,327! நம்பர் ஏறிடுச்சு. இனிமே இதுக்கு ஒண்ணும் ஆகாது. சும்மா கதவணை கட்டாதே, கப்பல் விடாதேன்னு கத்துறவங்க வாயை மூடிக்கலாம்."

நான் வாயை மூடிக்கொள்ளவில்லை. படகு கரைக்கு வரும் வரைக்கும் வாக்குவாதம். தயிர்சாதம் புளித்துப்போனதுதான் மிச்சம். அன்றைக்குச் சொல்ல வந்ததைக் கோர்வையாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே.

முதலில் அந்த 6,327ஐப் பார்ப்போம். 2021க்கும் 2023க்கும் நடுவில் எட்டு மாநிலங்களில், எட்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆறுகளில் போய் எடுத்த கணக்கு. 2025 மார்ச்சில் வெளியானது. உத்தரப் பிரதேசம் 2,397, பீகார் 2,220, மேற்கு வங்கம் 815, அசாம் 635 என்று போகிறது பட்டியல். படகில் போய் கண்ணால் பார்த்தும், தண்ணீருக்குள் மைக் இறக்கி சத்தம் கேட்டும் எடுத்தார்கள். பெரிய உழைப்பு. குறை சொல்லவே மாட்டேன். ஆனால் இந்த அளவில் முழுமையாக எடுத்தது இதுதான் முதல் தடவை. முதல் வருஷத்து பேலன்ஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு "லாபம் ஏறிடுச்சு" என்று சொல்கிற ஆளை நான் ஆடிட்டில் பார்த்தால் விடுவேனா? எதைவிட ஏறியது சார்?

சரி, அதை விடுங்கள். எண்ணிக்கை நிஜமாகவே நல்ல எண்ணிக்கை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தலையை எண்ணுவது ஒன்று, அந்தத் தலைகளுக்குள் என்ன இருக்கிறது என்பது வேறு.

இதை எனக்குப் புரிய வைத்தது உயிரியல் புத்தகம் இல்லை. நான் பி.காம். உயிரியலுக்கும் எனக்கும் பத்தாவதோடு டைவர்ஸ். புரிய வைத்தது கோழி.

2006இல் நான் சின்ன ஆபீசர். போஸ்டிங் மகாராஷ்டிராவில், குஜராத் எல்லையை ஒட்டி நவாபூர் பக்கம் ஒரு கிளை. அந்த வட்டாரம் முழுக்கக் கோழிப் பண்ணை. எங்கள் கிளைக் கடனில் பெரும்பகுதி கோழிக்கடன்தான். கணக்கு எண்ணிக்கை நிறைய, எல்லாம் ஒழுங்காக வட்டி கட்டுகிறவர்கள். மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் எல்லாம் வந்தது. அந்த பிப்ரவரியில் நவாபூரில்தான் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பறவைக் காய்ச்சல் உறுதியானது. லட்சக்கணக்கில் கோழிகளைக் கொன்று புதைத்தார்கள். எங்கள் கிளையில் ஒரு கணக்கு கெட்டது, பத்து கணக்கு கெட்டது என்று இல்லை. ஒரே வாரத்தில் அத்தனையும் சேர்ந்து படுத்துவிட்டது. எத்தனை பேருக்குக் கடன் கொடுத்தோம் என்பது ஒரு பைசாவுக்கு உதவவில்லை. அத்தனை பேரும் ஒரே மாதிரி என்பதுதான் எங்களைக் கொன்றது. அன்றிலிருந்து எண்ணிக்கையை மட்டும் காட்டி என்னிடம் யார் மார்தட்டினாலும் எனக்கு அந்தக் குழிகள்தான் ஞாபகத்துக்கு வரும்.

இரண்டாவது பாடம் என் வீட்டிலேயே நடந்தது. 2011இல் என் அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. நான், அக்கா, தங்கை மூன்று பேரும் தானம் கொடுக்கத் தயாராக ரத்தம் கொடுத்தோம். எங்கள் கையில் வந்த ரிப்போர்ட்டில் ஏ, பி, டி.ஆர். என்று மூன்று தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு இரண்டு எண். எச்.எல்.ஏ. டைப்பிங் என்று பெயர். அக்காவுக்குப் பாதி பொருந்தியது. எனக்கு ஒன்று கூடப் பொருந்தவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவன், ஒரே சாயலில் இருக்கிறேன், "உன் அண்ணன் உடம்புக்கு நீ அந்நியன்" என்று அந்தக் காகிதம் சொல்லியது. அன்றைக்கு ராத்திரி நான் அழுதது வீட்டில் யாருக்கும் தெரியாது. (இப்போது தெரிந்துவிட்டது.) பிறகு டாக்டர்தான் சொன்னார், கூடப் பிறந்தவர்களில் நாலில் ஒருவருக்கு முழுசாகப் பொருந்தும், இரண்டு பேருக்குப் பாதி, ஒருவருக்குச் சுத்தமாகப் பொருந்தாது, இது சாதாரணக் கணக்கு என்று. அக்கா கொடுத்தாள். அண்ணன் நன்றாக இருக்கிறார்.

அந்த எச்.எல்.ஏ. என்பதுதான் மற்ற பிராணிகளில் எம்.எச்.சி. என்று சொல்லப்படும் ஜீன் கூட்டம். கிட்னியைத் தள்ளிவிடவா கடவுள் அதைப் படைத்தார்? அதன் உண்மையான வேலை வேறு. வைரஸ் ஒன்று செல்லுக்குள் புகுந்துவிட்டால், அதன் துண்டு ஒன்றை எடுத்துச் செல்லின் வெளிப்புறத்தில் தூக்கிக் காட்டுவது. ரோந்து வருகிற வெள்ளையணு அதைப் பார்த்து "ஆகா, உள்ளே திருடன்" என்று அந்தச் செல்லை ஒழித்துக்கட்டும். இதைக் கண்டுபிடித்ததற்காக டோஹர்ட்டி, ஸிங்கர்நாகல் என்ற இருவருக்கு 1996இல் நோபல் பரிசு.

இதில் சூட்சுமம் என்னவென்றால், ஒவ்வொரு எம்.எச்.சி. வகையும் சில வடிவத் துண்டுகளைத்தான் பிடிக்கும். எங்கள் கிளையில் கள்ளநோட்டு பிடிக்கிற மாதிரி. ஒரு கேஷியர் தாளைத் தடவியே சொல்லிவிடுவார். இன்னொருவர் நூலைப் பார்த்துச் சொல்வார். மூன்றாமவர் எண் வரிசையில் பிடிப்பார். மூன்று பேரும் இருக்கிற கிளையில் கள்ளநோட்டு தப்பாது. மூன்று கவுண்டரிலும் தடவிப் பார்க்கிறவரையே உட்கார வைத்தால், தாளை மட்டும் நன்றாக அச்சடித்த ஒருவன் வந்து கிளையையே காலி பண்ணிவிட்டுப் போவான். ஒரு கூட்டத்துப் பிராணிகளில் இந்த வகைகள் எவ்வளவுக்கு எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கு ஒரே வைரஸ் அத்தனையையும் சாய்ப்பது கஷ்டம். என் அண்ணனுக்கு எமனாக வந்த அந்த வேற்றுமைதான் ஊரைக் காப்பாற்றுகிறது.

"சார், ஆத்துல இருக்கிற டால்பினுக்கு எங்கேர்ந்து வைரஸ் வரப்போவுது?" என்றார் நண்பர்.

எங்கிருந்தா? 1987, 88இல் சைபீரியாவில் பைகால் ஏரியில் கடல்நாய்கள் ஆயிரக்கணக்கில் செத்தன. பைகால் கடலே இல்லை, நல்ல தண்ணீர் ஏரி. காரணம் நாய்களுக்கு வருகிற டிஸ்டெம்பர் வைரஸ். (கடல்நாய்க்கு நாய் நோய் என்று தமிழில் சொல்லும்போது சிரிப்பு வருகிறது. செத்ததற்குச் சிரிக்க முடியவில்லை.) அதே 1988இல் ஐரோப்பாவின் வட கடல் ஓரத்தில் அந்த வைரஸின் பங்காளி ஒன்று பதினெட்டாயிரம் கடல்நாய்களைக் கொன்றது. 2002இல் திரும்ப வந்தது, முப்பதாயிரம் வரை போயின. 2000இல் காஸ்பியன் கடலில். 2013லிருந்து 2015 வரை அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரம் இதே வைரஸ் குடும்பம் தாக்கி டால்பின்கள் ஆயிரத்து அறுநூறுக்கு மேல் கரை ஒதுங்கின. வட கடல் கடல்நாய்கள் ஏன் மீண்டும் எழுந்தன? அவை எண்ணிக்கையிலும் அதிகம், ஒரு கரைக்கும் இன்னொரு கரைக்கும் தடையில்லாமல் போய்வருகிறவை. அந்த இரண்டில் ஒன்று நம் சோன்ஸுக்கு இல்லை. எது இல்லை என்பதற்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் இன்னொரு சங்கதி. 2015இல் வெளியான ஒரு ஆய்வு, பல் உள்ள திமிங்கல இனங்கள் அத்தனையும் (டால்பின்கள் இதில் சேர்த்தி) எம்.எக்ஸ்.1, எம்.எக்ஸ்.2 என்ற இரண்டு வைரஸ் எதிர்ப்பு ஜீன்களை எப்போதோ இழந்துவிட்டன என்று காட்டியது. நமக்கும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் இருக்கிற ஆயுதம் இவற்றுக்கு இல்லை. ஆக, ஏற்கெனவே இரண்டு பூட்டு இல்லாத வீடு. மிச்சம் இருக்கிற பூட்டுகள் எத்தனை வகை என்பது இன்னும் முக்கியமாகிறது, இல்லையா? கங்கைக் கரையில் நாய்களுக்கும் சாக்கடைக்கும் பஞ்சமா?

இப்போது கதவணைக்கு வருவோம். நம்ம ஊர் மாயனூர் கதவணையைப் பார்த்திருப்பீர்கள். கங்கையில் அந்த மாதிரி பிஜ்னோர், நரோரா, கான்பூர், ஃபராக்கா என்று வரிசையாக நிற்கிறது. ஃபராக்கா 1975இல் இயங்க ஆரம்பித்தது, அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. வெள்ளக் காலத்தில் கதவு தூக்கினால் டால்பின் கீழே அடித்துக்கொண்டு போகலாம். அந்த வேகத்தை எதிர்த்து மேலே ஏறி வருவது எளிதில்லை. அதாவது மேலே இருக்கிற துண்டு கசியும், திரும்ப நிரம்பாது. ஆகவே 6,327 என்பது ஒரு எண்ணே இல்லை. துண்டு துண்டாக நறுக்கிய ஆறுகளில் இருக்கிற சின்னச் சின்ன எண்களின் கூட்டுத்தொகை. கூட்டுத்தொகை காகிதத்தில்தான் இருக்கிறது. தண்ணீரில் துண்டுகள்தான் இருக்கின்றன.

துண்டானால் என்ன என்று கேட்டால், இங்கேதான் வணிகவியல் பட்டதாரிக்கு வேலை. ஒரு தனித்த கூட்டத்தில் ஜீன் வேற்றுமை எவ்வளவு வேகத்தில் தேயும் என்பதற்கு ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது. இனப்பெருக்கம் செய்கிறவற்றின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்குங்கள், ஒன்றை அதால் வகுங்கள். ஒரு தலைமுறைக்கு அந்தப் பங்கு போய்விடும். மீதியில் அடுத்த தலைமுறைக்கு அதே பங்கு. அட, இது நம்ம தேய்மானக் கணக்கு! பி.காம். முதல் வருஷத்தில் படித்த குறைந்துசெல் மதிப்பு முறை! ஒரே ஒரு வித்தியாசம், மெஷின் தேய்ந்தால் புதுசு வாங்கலாம். தேய்ந்துபோன ஜீன் வகையை வாங்க எந்தக் கடையும் இல்லை.

பிஜ்னோருக்கும் நரோராவுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட துண்டில் 2020இல் எண்ணியது 41 டால்பின். அதில் குட்டி, கிழம் போக இருபது இனம் பெருக்குகிறது என்று வைத்துக்கொள்வோம் (இந்த இருபது என் அனுமானம், கணக்கு புரிவதற்காக). ஒரு தலைமுறைக்கு இரண்டரை சதவீதம் போகும். பத்து தலைமுறையில் இருபத்திரண்டு சதவீதம் காலி. இதே ஆயிரம் டால்பின் சேர்ந்து தடையில்லாமல் கலந்து இனம் பெருக்கினால் பத்து தலைமுறையில் அரை சதவீதம்தான் போகும். டால்பின் எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையாமல், கதவணைச் சுவர் ஒன்றினாலேயே இந்த வித்தியாசம். அரிதான வகைகள்தான் முதலில் போகும். புது வைரஸ் வரும்போது அந்த அரிய வகைதான் கைகொடுக்கும் என்று இருந்தால்? அதைச் சுமந்த ஒரு கிழ டால்பின் ஏதோ வலையில் மாட்டிச் செத்திருக்கும். இயற்கை இந்த எம்.எச்.சி. வகைகளைக் கொஞ்சம் பொத்திப் பொத்தித்தான் பாதுகாக்கிறது, உண்மை. ஆனால் கூட்டம் ரொம்பச் சிறுத்துவிட்டால் பாதுகாப்பு தோற்று, குருட்டு அதிர்ஷ்டம் ஜெயிக்கும்.

இது பயமுறுத்தல் என்று நினைத்தால் மேற்கே சிந்து நதியைப் பாருங்கள். அங்கே இருக்கிற டால்பின் நம் சோன்ஸின் ஒன்றுவிட்ட சகோதரம். 2021இல்தான் இரண்டையும் தனித்தனி இனம் என்று பிரித்தார்கள். பாசன அணைகளும் கதவணைகளும் அதன் ஆற்றைப் பதினேழு துண்டாக வெட்டின. அதில் பத்து துண்டில் டால்பின் அடியோடு இல்லை. ஆறு துண்டில்தான் மிச்சம். நம் பக்கத்தில், பஞ்சாபில், பியாஸ் ஆற்றில் அந்த இனத்தில் எத்தனை என்று அதே 2025 அறிக்கை சொல்கிறது தெரியுமா? மூன்று. முப்பது இல்லை, மூன்று. 6,327இல் அந்த மூன்றும் அடக்கம். மூன்றும் இனம் பெருக்கினாலே தலைமுறைக்கு ஆறில் ஒரு பங்கு தேய்மானம். நண்பர் கைதட்டிய எண்ணுக்குள் இந்த மூன்று மூச்சு முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

இதுவரைக்கும் படித்துவிட்டு ஒரு கோஷ்டி எதிர்ப்பக்கம் கிளம்பும், எனக்குத் தெரியும். அன்றைக்குப் படகிலேயே கிளம்பியது. பெங்களூரில் பயோடெக் படிக்கிற ஒரு தம்பி, லீவுக்கு வந்தவன், ரொம்ப அலட்சியமாகச் சொன்னான்: "அங்கிள், ஜீன் டைவர்சிட்டி போன ஸ்பீஷீஸ் எப்படியும் போயிடும். எதுக்கு அதுமேல பணத்தைக் கொட்டணும்?"

எனக்குப் பொறியாளரைவிட இவன் மேல்தான் அதிகக் கோபம். பொறியாளருக்குத் தெரியாது. இவனுக்குப் பாதி தெரியும்.

தம்பி, வகீட்டா என்று ஒரு கடற்பன்றி. மெக்சிகோவில் கலிபோர்னியா வளைகுடாவில் மட்டும் இருக்கிறது. பத்து, அதற்கும் குறைவாக என்கிற நிலைமை. அதன் ஜீன் வேற்றுமையும் மிகக் குறைவு. உன் கணக்குப்படி அது செத்தது. ஆனால் 2022இல் பழைய மாதிரிகளை வைத்து அதன் மரபணு முழுவதையும் படித்தவர்கள் என்ன சொன்னார்கள்? அந்த வேற்றுமைக் குறைவு நேற்று வந்தது இல்லை, இரண்டு லட்சம் வருஷத்துக்கும் மேலாக அப்படித்தான் வாழ்கிறது, வலையில் மாட்டுவதை அடியோடு நிறுத்தினால் இப்போதும் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார்கள். அதைக் கொல்வது ஜீன் இல்லை, வலை.

இன்னொன்று, யாங்சி ஆற்று பைஜி டால்பின். நான்ஜிங் ஆராய்ச்சியாளர்கள் அதன் எம்.எச்.சி. ஜீன்களில் டி.க்யூ.பி. என்ற ஒன்றைப் படித்து, அதில் இருந்த மாறுபாடுகளை 2005இல் கட்டுரையாகப் போட்டார்கள். என் அண்ணன் ரிப்போர்ட்டில் இருந்த டி.ஆர்.க்கு அடுத்த வீட்டு ஜீன் அது. மறு வருஷம், 2006 கடைசியில், ஒரு பன்னாட்டுக் குழு ஆற்றில் போய்த் தேடியது. ஒன்றுகூட இல்லை. 2007இல் கிட்டத்தட்ட முடிந்துபோன இனம் என்று அறிவித்தார்கள். யோசித்துப் பார். ஜீன் பட்டியல் ஆய்வகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆற்றில் ஆள் இல்லை. தூண்டில் கொக்கியும் கப்பல் விசிறியும் மின்சாரம் பாய்ச்சி மீன் பிடித்ததும் அதை முடித்தன. லாக்கர் சாவி பத்திரம், லாக்கரே போச்சு.

அதனால் தம்பி, ஜீன் வேற்றுமை என்பது சாவுச் சான்றிதழ் எழுதுகிற பேனா இல்லை. தேய்மானம் ஆகிவிட்டது என்று ஓடுகிற மெஷினை எந்த முதலாளியும் கடலில் போடமாட்டான். இன்னும் கவனமாக எண்ணெய் போட்டு ஓட்டுவான். வேற்றுமை குறைந்த கூட்டத்தைக் காப்பாற்றுவதற்கு அதிகக் கவனம் வேண்டும் என்றுதான் அதற்கு அர்த்தம். ஹவாய் துறவிக் கடல்நாய் என்று ஒன்று, சுமார் 1,600 இருக்கும், எம்.எச்.சி. வேற்றுமை மிகக் குறைவு. அமெரிக்காக்காரன் கைவிட்டானா? 2016லிருந்து மணலில் படுத்திருக்கிற கடல்நாய்களுக்கு நீளக் கோலில் ஊசியைக் கட்டித் தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கிறான். நம் சோன்ஸுக்கு அந்த வழியும் கிடையாது. அது கரைக்கு வந்து தோளைக் காட்டாது. அதற்கு இருக்கிற ஒரே தடுப்பூசி அதன் உடம்புக்குள் இருக்கிற வகைகள்தான். அதைத்தான் நாம் சுவர் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

பொறியாளர் நண்பர் கடைசியில் கேட்டார், "அப்ப என்னதான் சார் பண்ணணும்? கட்டினதை இடிக்கவா முடியும்?" நியாயமான கேள்வி.

இடிக்க வேண்டாம். புதுசு கட்டாதீர்கள். 2014இல் அலகாபாத்துக்கும் ஹால்டியாவுக்கும் நடுவே நூறு கிலோமீட்டருக்கு ஒன்று என்று பதினாறு கதவணை கட்டலாம் என்று ஒரு யோசனை கிளம்பியது. கப்பலுக்குத் தண்ணீர் நிற்க வேண்டுமாம். பீகார் எதிர்த்தது. நல்லவேளை, நடக்கவில்லை. நடந்திருந்தால் நாங்கள் புளியோதரை சாப்பிட்ட அந்தத் துண்டும் இன்றைக்கு ஒரு பிஜ்னோர்தான்.

இரண்டாவது, எண்ணிக்கையை வெளியிடும்போது துண்டு வாரியாக முதல் பக்கத்தில் போடுங்கள். மாநில வாரியாக வேண்டாம். டால்பினுக்கு உத்தரப் பிரதேசமும் பீகாரும் தெரியாது, கதவணை தெரியும். எந்த வங்கியும் எல்லாக் கிளை வாராக்கடனையும் நல்ல கடனோடு கூட்டி ஒரே எண்ணாகக் காட்டினால் ரிசர்வ் வங்கி விடாது. இங்கே மட்டும் ஏன் விட வேண்டும்?

மூன்றாவது, சீனாக்காரனைப் பாருங்கள். பைஜியைத் தொலைத்த அதே யாங்சியில் துடுப்பில்லாக் கடற்பன்றி என்று இன்னொன்று இருக்கிறது. 2017இல் 1,012. பட்டபிறகு புத்தி வந்தது. 2021 ஜனவரியிலிருந்து ஆற்றில் பத்து வருஷம் மீன்பிடிக்கத் தடை. 2022 கணக்கில் 1,249. அதோடு நிற்கவில்லை. ஆற்றின் பழைய வளைவு ஏரியொன்றில் தொண்ணூறுகளின் ஆரம்பத்திலிருந்தே தனியாக ஒரு கூட்டம் வளர்க்கிறார்கள். அது உள்ளுக்குள்ளேயே உறவு முறையாகிவிடக்கூடாது என்று 2015இல் போயாங் ஏரியிலிருந்து புதிதாகச் சிலவற்றைப் பிடித்துக் கொண்டுவந்து ஒதுக்கிடங்களில் விட்டார்கள். சம்பந்தம் பார்க்கிற மாதிரி. நம் ஊரிலும் கால்வாயில் மாட்டிக்கொள்கிற டால்பின்களை உத்தரப் பிரதேசத்தில் பிடித்து ஆற்றில் விடுகிறார்கள். 2024 டிசம்பரில் அசாமில் ஒன்றைப் பிடித்து, செயற்கைக்கோள் பட்டை கட்டிப் பத்திரமாக விட்டும் ஆயிற்று. பிடிக்கத் தெரிகிறது, தூக்கத் தெரிகிறது. எந்தத் துண்டுக்கு எந்த வகை ஜீன் குறைவு என்று தெரிந்தால், எதை எங்கே விடலாம் என்று முடிவெடுக்கலாம். அதற்குச் சதைத் துணுக்கு வேண்டும்.

அந்தச் சதைத் துணுக்கு எங்கே கிடைக்கும் என்பதை அன்றைக்குப் படகோட்டிதான் சொன்னார். நாங்கள் தமிழில் கத்திக்கொண்டிருந்ததை ஒன்றும் புரியாமல் கேட்டுக்கொண்டே வந்தவர், கரையில் இறங்கும்போது என் பெண்ணிடம் இந்தியில் "என்ன சண்டை?" என்று கேட்டார். அவள் ஒன்பதாவது படிக்கிறாள். ஏதோ மொழிபெயர்த்துச் சொன்னாள். அவர் சொன்னது: வலையில் சோன்ஸ் செத்துப்போனால் யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், ராத்திரியோடு ராத்திரியாக மணலில் புதைத்துவிடுவார்கள் அல்லது கல் கட்டி இறக்கிவிடுவார்கள். சொன்னால் கேஸ். 1972 வனவிலங்குச் சட்டத்தில் புலிக்கு இருக்கிற முதல் அட்டவணைதான் இதற்கும். வேண்டுமென்று கொன்றவனும், தெரியாமல் வலையில் மாட்டியதைப் பார்த்து அழுதவனும் ஒரே மாதிரி பயப்பட வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு செத்த சோன்ஸும் ஒரு ரிப்போர்ட். என் அண்ணனுக்கு வந்ததே, அந்த மாதிரி. கட்டைவிரல் நகம் அளவு தோல் எடுத்து ஆல்கஹாலில் போட்டால் போதும், அதன் எம்.எச்.சி. வகைகளைப் படித்துவிடலாம். பாட்னாவிலேயே 2024இல் தேசிய டால்பின் ஆராய்ச்சி மையம் திறந்திருக்கிறார்கள், இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். தானாக வந்து தகவல் சொல்கிற மீனவர் மேல் கேஸ் இல்லை, வலைக்கு நஷ்ட ஈடு உண்டு என்று ஒரு உத்தரவு போட்டால், மணலுக்குள் போகிற ரிப்போர்ட்டெல்லாம் மேஜைக்கு வரும். நாங்கள் ஒரே தவணையில் கடனைத் தீர்க்க வருகிறவனுக்கு வட்டி தள்ளுபடி செய்வதில்லையா? உள்ளே ஒளித்து வைத்த வாராக்கடன் வெளியே வந்தால்தான் கிளை பிழைக்கும்.

"பீகாரில் இருக்கிற பிராணிக்கு நமக்கென்ன" என்று ஊரிலிருந்து படிக்கிறவர்கள் கேட்கலாம். நான் தொண்டிக்காரன். எங்கள் அப்பா காலத்தில் ஆவுளியா கறி தின்ற ஊர். இப்போது பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகம் 2022இல் வந்திருக்கிறது. இந்தியக் கடல் முழுக்கச் சேர்த்தாலே ஆவுளியா சில நூறுதான் தேறும் என்கிறார்கள். அங்கேயும் ஒருநாள் யாராவது ஒரு எண்ணைச் சொல்லிக் கைதட்டுவார்கள். அன்றைக்கும் இதே கேள்வியைக் கேட்க ஆள் வேண்டும்.

பொறியாளர் நண்பருக்கு இந்தப் பதிவின் சுட்டியை அனுப்பியிருக்கிறேன். "கதவணை விஷயத்துல நீங்க சொல்றதை ஒத்துக்க மாட்டேன், ஆனா துண்டு வாரியா நம்பர் வேணும்கிறது கரெக்ட்" என்று பதில் போட்டிருக்கிறார். பாதிப் பொருத்தம். எங்கள் வீட்டில் அதுவே போதுமானதாக இருந்தது. பாட்னா மையத்துக்கு, அந்த மீனவர் விஷயத்தை எழுதி, படகில் வந்த குடும்பங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு தயாராகிறது. இந்தியில் எழுத என் பெண். பாட்னா, முங்கேர், கஹல்காவ் பக்கம் இருக்கிற நம்மவர்கள் யாராவது சேர்ந்துகொள்வதாக இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், பிரதி அனுப்புகிறேன். பயோடெக் தம்பி இன்னும் கையெழுத்துப் போடவில்லை.